கால்வாய்க்கரையில் ஒரு தார் ரோடு

வரலாற்றுச் சிறப்புமிக்க அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கால்வாய் மதகடியில் கூடியிருந்தவர்கள் பின்வருமாறு: குடும்பத்தின் மூத்தவரும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளருமான பெரியப்பா, அவரோடு இத்தனை காலம் வாழ்ந்தும் வாயை அடக்கக் கற்றுக்கொள்ளாத பெரியம்மா, விழாவுக்குக் காரணகர்த்தாவான தம்பி மகன், 'சரளைச் சவாரிச் சங்க'த்தின் தலைவர் பல் டாக்டர், நகராட்சிச் சாலைப் பிரிவின் இன்ஜினியரம்மா, சங்க உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர், பால் கேன்களோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கூட்டத்தில் மாட்டிக்கொண்ட பால்காரர், அழைப்பில்லாமல் வந்த வாத்துகள் சில. வாத்துகளை எதற்குச் சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். நடந்ததை நடந்தபடி சொல்லக்கூடிய சாட்சிகள் அவை மட்டுமே.

மனித குலம் முதலில் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு அந்தச் சக்கரம் குலுங்காமல் ஓடுவதற்குச் சாலையைக் கண்டுபிடித்தது. இவ்விரண்டையும் தூக்கிச் சாப்பிடும் மூன்றாவது கண்டுபிடிப்பு நம் காலத்துக்கென்றே காத்திருந்தது: குலுங்காமல் போவது உடம்புக்கும் ஆன்மாவுக்கும் ஆகாது. ஆகவே நல்ல சாலையை விட்டு விலகி, கல் கொட்டிய பாதையைத் தேடிப்பிடித்து, தடித்த டயர் போட்ட 'கிராவல் பைக்'கில் எலும்பு கலகலக்கப் போய்வருவதே நாகரிகத்தின் உச்சம் என்றாயிற்று.

அந்த உச்சத்தை எட்ட, கால்வாய்க்கரைப் பாதையைப்போல் இன்னோர் இடம் கிடையாது. ஒரு பக்கம் அசையாத தண்ணீர். மறுபக்கம் வயல், அதற்கப்பால் ஏறி இறங்கும் பச்சை மேடுகள். அங்கே நிலவும் அமைதி சுற்று வட்டாரம் முழுக்கப் பிரசித்தம். லாரி வராது, பஸ் வராது, கார் வராது. வர முடியாது.

அந்தப் பாதையைப் போட்டவர் பெரியப்பாவின் தகப்பனார், காலஞ்சென்ற கான்ட்ராக்டர் ஐயா. ஊரே அவரை அப்படித்தான் அழைத்தது. அவர் பெயரை அந்தப் பாதைக்கு வைக்க வேண்டும் என்பது பெரியப்பாவின் வாழ்நாள் இலட்சியம். எதிர்வீட்டுக் கான்ட்ராக்டரின் பெயரில் ஒரு பாலம் இருந்தது; அவருடைய மச்சான் பெயரில் ஒரு பொதுக் கழிப்பறையும் இருந்தது. பெரியப்பாவுக்கு இரண்டின் மேலும் பொறாமைதான்; கழிப்பறையைக் கடக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். நகராட்சிக்கு நடையாய் நடந்தும் வேலை நடக்கவில்லை. கடைசியில் தம்பி மகன்தான் தன் சங்கத்தைப் பரிந்துரைக்க வைத்துக் காரியத்தை முடித்தான். பெயர்ப் பலகையில் என்ன எழுதப்போகிறார்கள் என்பதை மட்டும் 'சர்ப்ரைஸ்' என்று சொல்லாமல் விட்டுவிட்டான்.

பெரியப்பா கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது.

'கான்ட்ராக்டர் ஐயா நினைவு இயற்கைச் சரளைப் பாதை.'

முதல் இரண்டு சொற்களில் பெரியப்பாவின் கண் கலங்கியது. மூன்றாவதில் ஒரு துளி எட்டிப் பார்த்தது. நாலாவதில் நெற்றி சுருங்கியது. ஐந்தாவதில் எட்டிப் பார்த்த துளி உள்ளே போய்விட்டது.

"டேய், இது என்னடா சரளை?"

"கிராவலைத்தான் தமிழ்ல போட்டிருக்கோம் பெரியப்பா. காலுக்கடியில பாருங்க."

"எங்கப்பா போட்டது தார் ரோடு."

பன்னிரண்டு ஹெல்மெட்டுகளும் ஒரே நேரத்தில் குனிந்தன. வாத்துகளும் பார்த்தன.

"எங்க சார்?" என்று பல் டாக்டர் உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.

"எங்கேன்னா? நீங்க எதுமேல நிக்கிறீங்க?"

"கல்லுமேல சார். முதல்தரமான கல்லு. சின்னதும் பெரிசுமா, முனைகூட மழுங்காம. இயற்கையா இப்படி அமையறது ரொம்ப அபூர்வம். வெளியூர்லேர்ந்தெல்லாம் வந்து ஓட்டிட்டுப் போறாங்க."

"இயற்கையா ஒண்ணும் அமையல! டெண்டர் எடுத்துப் போட்டது!"

"கல்லைக் கண்டா தாரைக் காணோம்," என்றார் பெரியம்மா, வாத்துகளிடம் சொல்வதுபோல.

"நீ சும்மா இரு."

இன்ஜினியரம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சார், எங்க ஆபீஸ் கணக்குலயும் இது தார் ரோடுதான். அதான் எனக்கும் தலைவலி. தார் ரோடுன்னு நீங்க அடிச்சுச் சொன்னா, அந்தத் தார் எங்கேன்னு நான் விசாரிச்சே ஆகணும். சரளைப் பாதைன்னு ஒத்துக்கிட்டா, பலகையை வெச்சுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம். நீங்களே சொல்லுங்க, எது?"

பலகையை ஏற்றால் அப்பா தார் போடவில்லை என்று ஆகும். மறுத்தால் விசாரணை வரும், பலகை போகும். எதிர்வீட்டுப் பாலம் கண் முன்னால் வந்து நின்றது. கூடவே கழிப்பறையும். பெரியப்பாவின் முதுகு பிறவியிலேயே நேரானது. அவமானம் பக்கத்தில் வந்தால் இன்னும் கொஞ்சம் நிமிரும். இப்போது அவர் ஏறக்குறையப் பின்னால் சாய்ந்திருந்தார்.

"தார் ரோடுதான். ஓட்டியே காட்டறேன்."

"அப்ப என் பைக்க எடுத்துக்குங்க பெரியப்பா. டயர் நல்ல தடிமன்."

"தார் ரோட்டுக்கு எதுக்குடா தடி டயர்? என் சைக்கிள் போதும்."

நூலகத்துக்கும் மருந்துக் கடைக்கும் போய்வரும் மெலிந்த டயர் சைக்கிள் அது. பெரியப்பா ஏறி உட்கார்ந்தார்.

"ஏங்க, பல்செட்டைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க," என்றார் பெரியம்மா.

"தார் ரோட்டுல பல்செட் விழாது!"

"விழட்டும்மா, நான் எதுக்கு இருக்கேன்?" என்று பல் டாக்டர் ஆறுதல் சொன்னார். சரளைச் சவாரிச் சங்கத்துக்கு ஒரு பல் டாக்டர் தலைவராக அமைந்தது தற்செயல்தான் என்று சங்கம் இன்றுவரை சொல்லிவருகிறது.

ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் பெரியப்பா, பக்கத்தில் தம்பி மகன், பின்னால் பக்தியோடு பன்னிரண்டு தடி டயர்கள். கால்வாய் கண்ணாடிபோல் கிடந்தது. மேடுகள் வெயிலில் மினுங்கின. பெரியப்பாவுக்கு அந்த அழகு ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. சில நேரம் மூன்றாக.

"எப்படிப் போகுது பெரியப்பா?"

"வ-வ-வழுக்கிக்கிட்டுப் போ-போ-போகுது!"

"கை நடுங்குதே?"

"ச-ச-சந்தோஷத்துல!"

வழியெல்லாம் அவர் கண் கறுப்பாக எதையாவது தேடியது. ஒரு திருப்பத்தில் கிடைத்தேவிட்டது. "தார்! தார்! பாத்துக்குங்க!" என்று கூவினார். ஊர்வலம் நின்றது. ஓர் உறுப்பினர் குனிந்து அதைக் கையில் எடுத்துத் துடைத்தார். "இது என் டயர் சார். போன மாசம் இங்கதான் கிழிஞ்சது," என்று பாசத்தோடு பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு மேடு வந்தது. மேட்டை ஏறியது பெரியப்பாவின் மானம், இறங்கியது சைக்கிள். பாதி இறக்கத்தில் முன் டயர் வெடித்தது. பெரியப்பா சைக்கிளிலிருந்து இறங்கினார். சைக்கிளிடம் சொல்லிக்கொள்ளாமல் இறங்கினார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். அவர் மீசையிலும் மண் ஒட்டவில்லை, ஒட்டியது சரளை.

பல் டாக்டர்தான் முதலில் ஓடிவந்தார். பெரியப்பாவின் முழங்காலில் ரத்தம் வழிய, டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "பல்செட் அசையவே இல்ல!" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு அறிவித்தார்.

கைதட்டல் கால்வாயின் மறுகரை வரை கேட்டது.

"இந்த வயசுல! மெலிசு டயர்ல! இவ்வளவு கிராவல்ல!"

"குடும்ப ரத்தத்துலயே ஓடுது சார்!"

மதகடிக்கு அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் 'சரளைச் செம்மல்' என்ற பட்டம் ஏகமனதாக நிறைவேறியிருந்தது. வங்கியில் இருந்த காலம் முழுவதும் பெரியப்பாவுக்கு யாரும் கைதட்டியதில்லை. கடன் கேட்டு வந்தவர்கள்கூடத் தட்டியதில்லை. அவர் பலகையை நிமிர்ந்து பார்த்தார். முதல் இரண்டு சொற்களையும் மறுபடி படித்தார். மற்றவை முன்புபோல் அவ்வளவாக உறுத்தவில்லை.

"முடிவா என்ன சொல்றீங்க சார்?" என்றார் இன்ஜினியரம்மா. "தாரா, சரளையா?"

பெரியப்பா கட்டுப்போட்ட காலை ஊன்றி எழுந்து நின்றார்.

"எங்கப்பா சாதாரண மனுஷர் இல்ல. தொலைநோக்கு உள்ளவர். நல்ல ரோட்டை வெறுத்து ஜனங்க கல்லைத் தேடி அலையற ஒரு காலம் வரும்னு அவருக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. அன்னிக்குத் தார் போட்டிருந்தா இன்னிக்கு நீங்கள்லாம் எங்க போயிருப்பீங்க? யோசிச்சாரு. உங்களுக்காகத்தான் போடல. மனசு வரல அவருக்கு."

இரண்டு உறுப்பினர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "தியாகம் சார், தியாகம்," என்றார் பல் டாக்டர். அதே இடத்தில், அதே சூட்டில், இனி எக்காலத்திலும் இந்தப் பாதையில் யாரும் தார் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள்.

"அப்ப ரோடு போட மாட்டீங்களா?" என்று பால்காரர் கேட்டார். "மதகு வந்தாலே இறங்கிடுவேங்க. கடைசி வரைக்கும் தள்ளிட்டேதான் போறேன். வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பாதிப் பால் மோரா ஆயிடுது."

"குடுத்து வெச்சவர் நீங்க," என்று தம்பி மகன் அவர் தோளைத் தட்டினான். "எங்களுக்கு வாரத்துல ஒரு நாள்தான். உங்களுக்குத் தினமும் கிராவல்!"

இன்ஜினியரம்மா மெதுவாகக் கேட்டார்: "எல்லாம் சரி சார். போடாத தார் எங்க போச்சுன்னு நாளைக்கு யாராவது கேட்டா?"

பெரியம்மா வாயைத் திறந்தார். பெரியப்பா சட்டென்று அவர் கையில் ஒரு டம்ளர் காபியைத் திணித்து, "சூடா இருக்கு, குடி," என்றார். அத்துடன் விழா இனிது நிறைவுற்றது.

இதற்குப் பிறகு ஊரில் ஒரு வதந்தி உலவுகிறது. அந்தச் சாலைக்கென்று வந்த தாரைக் கான்ட்ராக்டர் ஐயா வெளியில் விற்றுவிட்டாராம். இது அப்பட்டமான பொய். அந்தக் குடும்பத்தில் எவரும், எக்காலத்திலும், அரசாங்கப் பொருளை விற்றதில்லை. ஒரு டிரம்கூட வெளியே போகவில்லை. அத்தனையும் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் இருக்கிறது. இத்தனை வருட மழையில் வீடு ஒரு சொட்டுக்கூட ஒழுகியதில்லை.