கட் ஆகாத சைக்கிள் படத்துக்கு விளக்கவுரை

குடிபாலா,
புரட்டாசிக் கடைசி ஞாயிறு

குவைத்தில் பெரிய டிரெய்லர் ஓட்டும் மதிப்பிற்குரிய மாப்பிள்ளை கங்கையா அவர்களுக்கு, உங்கள் மனைவி செல்வியின் உடன்பிறந்த அண்ணனும் உங்கள் மகள் தேன்மொழியின் ஒரே தாய்மாமனுமாகிய துலுக்காணம் எழுதிக்கொள்வது. இங்கே கடலைக் கொல்லை, மாடு, மனிதர் யாவரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் டிரெய்லரின் அத்தனை சக்கரங்களும் சுகமாக இருக்கும்படி காணிப்பாக்கம் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கேமரா பாதி வழியில் பசி எடுத்து அழும் என்றேன், அழுதது. பாகாலா பக்கம் தெய்வம் துணைக்கு வரும் என்றேன், மைக் செட்டோடு வந்தது. செல்வியைக் கேட்டால், "எங்கண்ணன் அப்டி ஒண்ணும் சொல்லல" என்பாள். நான் சொன்னபோது அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள், காதில் விழவில்லை.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒன்று சொன்னால் நீங்கள் நடுவே புகுந்து மூன்று கேள்வி கேட்கிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது. அது போக, தேன்மொழி கேமராவைத் திருப்பிக் குட்டித் திரையில் படத்தை ஓட்டிக் காட்டினாள். ஒரு சத்தமும் வரவில்லை. ஆக இது ஊமைப்படம். ஊமைப்படத்துக்கு விளக்கம் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? அதனால் லீவு முடிந்து குவைத் திரும்பும் நம் சந்திரனிடம் படம் உள்ள கார்டையும் இந்தக் கடிதத்தையும் கோங்குரா ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன். கார்டை ஓட்டிக்கொண்டே கடிதத்தைப் படிக்கவும். ஊறுகாயைக் கார்டிலிருந்து தள்ளி வைக்கவும்.

போன மாதம் நீங்கள் போட்ட கண்டிஷன் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. திருப்பதி காலேஜ் பிள்ளைகள் தை மாதம் கன்யாகுமரிக்கு சைக்கிளில் போகிறார்கள், தானும் போக வேண்டும் என்று பெண் கேட்டாள். ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசினீர்கள். "நான் டிரைவரு. ரோட்ல ஒருத்தி எப்டி ஓட்றான்னு பார்த்தா எனக்குத் தெரிஞ்சிடும். லீவு முடிஞ்சி ஆஸ்டலுக்குப் போவும்போது நம்ப ஊர்லேர்ந்து திருப்பதிக்கு சைக்கிள்லயே போவட்டும். ஹேண்டில் பார்ல கேமரா கட்டி முழுசா எடுத்தனுப்பட்டும். நடுவுல எங்கியாவது கட் ஆச்சின்னா, அங்கதான் ஏதோ நடந்துகிதுன்னு அர்த்தம். அப்பறம் கன்யாகுமரியும் கெடையாது, சைக்கிளும் கெடையாது. மச்சான், நீங்க மொபெட்ல பின்னாலயே போவணும்." இதுதான் நீங்கள் சொன்னது. பெண் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவள் பங்கையும் நான் சாப்பிட்டு அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

கேமரா வாங்கத் திருப்பதிக்குப் போனோம். கடையில் ஸ்ரீதேவி என்று ஒரு பெண், கண்ணாடி மேசை மேல் நெருப்புப்பெட்டி அளவில் நாலைந்து கேமராக்களை வரிசையாக வைத்தாள். எனக்கு மனசே ஒப்பவில்லை. கல்யாண வீடுகளில் தோளில் தூக்கிவைத்து எடுப்பார்களே, அதுதான் கேமரா. இதை மாடு முழுங்கினால்கூட மாட்டுக்குத் தெரியாது. இருந்தாலும் நான் நுணுக்கமாக விசாரித்தேன். குழியில் இறங்கினால் படம் குலுங்குமா, மழையில் நனையலாமா, விழுந்தால் உடையுமா என்று கேட்கக் கேட்க, நான் இன்ஜினீயரா என்று அந்தப் பெண்ணுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வாய்விட்டுக் கேட்கவில்லை, கண்ணிலே தெரிந்தது.

தேன்மொழி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அக்கா, சார்ஜ் ஏறிக்கினே இருக்கும்போது படமும் எடுக்குமா?"

"இதி ஒக்கட்டே, சார்ஜிங் பெட்டுகுனே ரிகார்ட் சேஸ்துந்தி" என்று, இது ஒன்றுதான் அப்படி எடுக்கும் எனத் தெலுங்கில் சொல்லி, ஸ்ரீதேவி ஒன்றைத் தள்ளினாள். பார்க்க மற்ற எல்லாவற்றையும்விடச் சுமாராக இருந்தது.

"பக்கத்துல இருக்கற செவப்பு கலர் நல்லாகீதே" என்றேன்.

"மாமா, இதுங்க பேட்டரி எதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல தாங்காது. பேட்டரி மாத்தினா படம் ரெண்டா உடைஞ்சிடும். நைனா கட் ஆவக் கூடாதுன்னுக்கிறாரு. செவப்பு கலர வெச்சிக்கினு பொட்டா வெக்கறது?"

அந்தச் சுமாரான கேமராவைத்தான் நானே தேர்ந்தெடுத்தேன்.

இனி கரண்ட் விஷயம். என் பழைய சைக்கிள் டைனமோ பரணில் இருந்தது. அதை அவள் சைக்கிள் டயரில் உரசும்படி கட்டி, ஒயரைக் கேமராவில் செருகிவிட்டால் மிதிக்க மிதிக்கக் கரண்ட், இலவசம். தேன்மொழி கும்பிட்டாள். "வேணாம் மாமா, அந்தக் கரண்டு ஏறி ஏறி எறங்கும், இது பொகஞ்சிடும்." புகைந்தால் படத்தில் பனி மூட்டம் மாதிரி அழகாகத்தானே இருக்கும் என்றேன். கலை ரசனை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இல்லை. பவர் பேங்க் என்று சோப்புப்பெட்டி மாதிரி ஒன்று வாங்கினாள். அதைச் சைக்கிள் கம்பியில் ஒரு பையில் போட்டு, அங்கிருந்து கேமராவுக்கு ஒயர் இழுத்துவிட்டால் நாள் முழுக்கத் தாங்குமாம்.

அதைச் சார்ஜ் போடும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை, நம் வீட்டில் வருவது சிங்கிள் பேஸ். கொல்லையில் மோட்டார் ஷெட்டில் வருவது த்ரீ பேஸ். போர்த் தண்ணீரை அத்தனை ஆழத்திலிருந்து தூக்குகிற கரண்ட் ஒரு சோப்புப்பெட்டியை எப்படி நிரப்பும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். முதல் நாள் காலையிலேயே கொண்டுபோய் ஷெட்டில் செருகி, பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். விவசாய லைனில் கரண்ட் விடுகிற முறை அந்த வாரம் மாறிவிட்டதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஷெட்டில் அன்று முழுக்கக் கரண்டே வரவில்லை. கிளம்பும்போது பெண் கேட்டாள்: "ஃபுல்லா மாமா?" "த்ரீ பேஸ் ஏத்திகிறேன். கன்யாகுமரி வரைக்கும் தாங்கும்" என்றேன். சொன்ன வார்த்தையில் தப்பில்லை. ஏற்றியிருந்தால் தாங்கியிருக்கும்.

இப்போது படத்தை ஓட்டுங்கள். முதலில் தெரிகிற பெரிய மஞ்சள் உருண்டை சூரியன் இல்லை, எலுமிச்சம்பழம். புதுச் சாமானாயிற்றே, ஊர்க் கண் படுமே என்று செல்வி ஒரு பழத்தையும் பச்சை மிளகாயையும் கோர்த்து ஹேண்டில் பாரில் கட்டிவிட்டாள். அது கேமரா முன்னாலேயே ஆடும். அவிழ்க்கலாம் என்றால் தாய் கட்டியது, அவிழ்க்க மனசு வரவில்லை. பழத்துக்கு வலப்பக்கம் தெரிகிறதே, அதுதான் ரோடு.

சித்தூரில் நான் கொஞ்சம் முந்திப்போய் ஒரு ஹோட்டல் வாசலில் நின்று டிபன் தின்றேன். பெண் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு நிற்காமலே போனாள். அதற்கப்புறம் நான் அவளைப் பிடித்துவிட்டேன். பிடித்து, வாலைப் போலப் பின்னாலேயே போனேன். நான் படத்தில் தெரியமாட்டேன், ஏனென்றால் கேமரா முன்னால் பார்க்கிறது, நான் பின்னால் வருகிறேன். இது விஞ்ஞானம்.

காணிப்பாக்கம் ரோடு பிரிகிற இடத்தைத் தாண்டி ஓரமாக ஒரு லாரி நிற்கும். இங்கே நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், நீங்கள் டிரைவர். லாரியின் கதவு லேசாக அசைகிறது. அதைப் பார்த்தது நான். தள்ளிப் போகவேண்டும் என்று முடிவு செய்தது நான். சைக்கிள் ஒரு ஆள் அகலம் விலகுகிறது, அடுத்த நொடி கதவு படாரென்று திறக்கிறது. கொஞ்ச தூரத்தில் தப்புப் பக்கமாக ஒரு பஸ் எதிரே வரும். அப்போது ஒரு கை நீண்டு, நில் என்று காட்டும். கையில் கண்ணாடி வளையல் இருப்பதால் குழம்பவேண்டாம். கை அவளுடையது, காட்டியது நான். பஸ்காரன் அடங்கி ஒடுங்கித் தன் பக்கம் போவதைக் கவனிக்கவும்.

பாகாலாவுக்குக் கொஞ்சம் முன்னால் பவர் பேங்க் செத்துவிட்டது. கடையில் வாங்கும்போதே அதில் இருந்த கொஞ்ச நஞ்சக் கரண்டில்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. இனி கேமராவின் சொந்த பேட்டரிதான், ஒரு மணி நேரம்கூட இல்லை. அது அணைந்தால் படம் கட், படம் கட்டானால் கன்யாகுமரி கட். டீக்கடையில் செருகலாம் என்றால் அங்கே கரண்ட் இல்லை. இன்னொரு கடையில் கரண்ட் இருந்தது, ஒயர் செருக ஓட்டை இல்லை. கேமராவில் சிவப்பு விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. தேன்மொழி அழுதாள் என்று எழுத ஆசை, ஆனால் அவள் அழவில்லை.

அப்போதுதான் முன்னால் மஞ்சள் வேட்டி, மஞ்சள் சேலை. திருமலைக்கு நடந்து போகிற கூட்டம். அவர்கள் நடுவே ஒரு டெம்போ, மேலே பெருமாள் படம், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், உள்ளே பேட்டரியும் இன்வெர்ட்டரும். கரண்டே காலால் நடந்து போகிறது மாப்பிள்ளை. கூட்டத்துக்குத் தலைவர் வீராசாமி, வேலூர்ப் பக்கத்துக்காரர். நான் வண்டியை அவர் பக்கம் விட்டேன்.

"சாமி, ஒரு பிளக்கு வேணும். கேமரா அணையப் போவுது."

"ஏங்க பெரியவரே, எங்க ஸ்பீக்கருக்கே பத்தல. இதுல உங்களுக்கு எங்கேர்ந்து குடுக்கறது?"

"உங்கக்கூடவே வர்றோம் சாமி. நிக்க மாட்டோம், முந்தவும் மாட்டோம்."

"இது பெருமாள் கரண்டு. கோவிந்தா போடறவங்களுக்குத்தான் இந்த வண்டியில எடம். சும்மா ஒட்டிக்கினு வந்தா புடுங்கிடுவேன்."

நான் மீசையை முறுக்கினேன். அவர் ஒயரை நீட்டினார். பவர் பேங்கை டெம்போவில் செருகி, அதிலிருந்து கேமராவுக்கு ஒயர் இழுத்து, டெம்போவை ஒட்டியே சைக்கிள் நடக்கிற வேகத்தில் போயிற்று. விழாமல் அவ்வளவு மெதுவாக சைக்கிள் ஓட்டுவது வேகமாக ஓட்டுவதைவிடக் கஷ்டம் என்று டிரைவர்களுக்குத் தெரியும். கொஞ்ச தூரத்தில் கோவிந்தா போடுகிற பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மைக்கை என் கையில் கொடுத்தார்கள். ஒரு கையில் மைக், ஒரு கையில் ஹேண்டில், நான் அடி எடுத்துக் கொடுக்கக் கூட்டம் பூராவும் திருப்பிச் சொல்லிற்று. வீராசாமி பிரிகிற நேரத்தில் ஒரு பொட்டலம் சுண்டல் கொடுத்து, "திரும்பி வரும்போதும் கூட வாங்க" என்றார். அதற்குள் பவர் பேங்கில் போதுமான உயிர் ஏறியிருந்தது. அந்தப் பகுதி முழுக்கப் படத்தில் டெம்போவின் பின்சக்கரமும் எலுமிச்சம்பழமும் மட்டும்தான் வரும். அலுப்பாக இருந்தாலும் வேகமாக ஓட்டிவிடாமல் பாருங்கள், எங்கேயும் கட் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

சந்திரகிரி தாண்டி, மலை கண்ணில் பட்டு, அடிவாரத்து அலிபிரி போய்ச் சேரும் வரை ஒரு இடத்திலும் படம் அணையவில்லை. கடைசியில் கேமரா முன்னால் வேர்வையில் குளித்து நிற்கிற ஆள் நான்தான். அங்கே மட்டும் எப்படி முன்னால் வந்தேன் என்று கேட்பீர்கள். அவளுக்குத் தண்ணீர் வாங்கக் கொஞ்சம் முந்திக்கொண்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, நீங்கள் போட்ட கண்டிஷன் நிறைவேறிவிட்டது. கட் இல்லை, மச்சானும் பின்னாலேயே இருந்தான். பெண்ணைக் கன்யாகுமரிக்கு அனுப்பச் சம்மதம் சொல்லவும். துணைக்கு இதே மாதிரி பின்னாலேயே போக நான் தயார், மொபெட்டும் தயார். நேரத்துக்குச் சாப்பிடவும், வெயிலில் தலைக்குத் துணி கட்டவும். உங்கள் வண்டிச் சக்கரம் தொட்ட ரோடெல்லாம் நேராகட்டும் என்று வயதில் மூத்தவன் என்ற முறையில் ஆசீர்வாதம் செய்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
துலுக்காணம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் ஆஸ்டலிலிருந்து தேன்மொழி போன் செய்தாள். விளக்கவுரை எழுதிவிட்டேன் என்று சொன்னதும் சிரித்தாள். "மாமா, அன்னிக்கி ஓட்டிக் காட்டும்போது சத்தத்த அடக்கி வெச்சிருந்தேன். அதுல எல்லாமே ரிகார்ட் ஆயிகிது, ஈ பறந்தாக்கூட கேக்கும்." வீராசாமி "ஏம்மா, எங்க ஸ்பீக்கருக்கே பத்தல" என்பது கணீரென்று கேட்கிறதாம். மைக்கில் கேட்பதும் பெண் குரல்தானாம். என் குரல் சித்தூர் ஹோட்டல் வாசலில் "இன்னும் ரெண்டு வடை" என்பதோடு நின்றுவிடுகிறதாம். ஆகவே ஒரு சின்னத் திருத்தம். டிபன் முடித்து வந்தபோது அவளைக் காணவில்லை. என் மொபெட்டால் ஒரு சைக்கிளைப் பிடிக்க முடியவில்லை. திரும்பி வந்து மொபெட்டை ஹோட்டலிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறி அலிபிரிக்குப் போய், குழாயடியில் சட்டையை நனைத்துக்கொண்டு காத்திருந்தேன். நான் பின்னாலேயே வந்தது ஒன்றுதான் கற்பனை, மற்றபடி எல்லாம் அவள் சொல்லி எனக்குத் தெரிந்த நிஜம். வேறு கடிதம் எழுதலாம் என்றால் சந்திரன் வாசலில் ஹாரன் அடிக்கிறான். அதனால் சித்தூருக்கு அப்புறம் அலிபிரிக்கு முன்னால் வரை 'நான்' என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் 'தேன்மொழி' என்று படித்துக்கொள்ளவும். மீசை முறுக்கிய இடத்தில் மட்டும் அப்படிப் படிக்க வேண்டாம், அங்கே யாரும் எதையும் முறுக்கவில்லை. கன்யாகுமரிக்குத் துணையாகப் பின்னால் யாரும் வர வேண்டாம் என்கிறாள். முழுப் படத்தையும் சத்தத்தோடு பார்த்துவிட்டு, வேண்டுமா வேண்டாமா என்று டிரைவராகிய நீங்களே அவளிடம் சொல்லிவிடவும்.