சபாக்குக்குப் போன மந்திரக்காரியின் ஜாதகம்

உ

கோல சிலாங்கூர்,
9.9.1986, செவ்வாய் இரவு

மதிப்பிற்குரிய ஆட்ட நடுவர் வாசு அண்ணன் அவர்களின் சமூகத்துக்கு,

சித்தி மகளும் தங்கையுமான புஷ்பலீலா பணிவுடன் எழுதிக்கொள்வது. கிள்ளானில் நீங்களும், விடுதிச் சாப்பாட்டை உங்களோடு சேர்ந்து குறை சொல்லும் நண்பர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் அம்மாவும் அளவுக்கு மீறிச் சுகமாக இருக்கிறார்கள். நான் மட்டும் சுகமாக இல்லை. போர்வைக்குள் டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுத்து ஈரத்தில் கலைந்திருந்தால் கண்ணீர் என்று நினைத்து வருந்த வேண்டாம். எச்சில்தான்.

அண்ணா, நம் ஆட்டத்தில் நான் ஆடும் ராஜம்மாவின் தாள் சபாக்குக்குப் போய்விட்டது. தாளை மறைத்து வை என்று சொன்னவர் நீங்கள்தான். போன தீபாவளிக்கு, ஆளுக்கொரு வீரராக நடித்துக் குகைக்குள் போகும் அந்த ஆட்டத்தின் ஜெராக்ஸ் சட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்து, பகடைக்குப் பதிலாக மைலோ டின்னில் ஒன்று முதல் இருபது வரை எழுதிய துண்டுச் சீட்டைக் குலுக்கி, ஆளுக்கொரு வீரரை உண்டாக்கிக்கொள்ளுங்கள் என்றீர்கள். சாப்பாட்டுக் கடை சுரையா வாள்வீச்சுக்காரி ஆனாள், அவள் தங்கை ஆமினா பூட்டு உடைப்பவள் ஆனாள், நான் காயம்பட்டவர்களைக் குணப்படுத்தும் பூசாரிணியை எடுத்துக்கொண்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் நாலு வருடமாகப் புண்ணுக்குக் கட்டுப்போடும் எங்கள் அக்காவை நினைத்து, அவளுக்கும் ராஜம்மா என்றே பெயர் வைத்தேன். அப்பாவோ தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. வீட்டில் எந்தக் காகிதம் கிடந்தாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை படித்துவிடுவார். அவர் படிக்காமல் அப்படியே மடித்து வைக்கும் காகிதம் உலகத்திலேயே ஒன்றுதான், ஜாதகம். ஆகவே கிராஃப் தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு, மேலே பிள்ளையார் சுழி போட்டு, ஆறு கட்டத்தில் பலம் 9, அறிவு 17, ஞானம் 16 முதலியவற்றை முதலெழுத்தாகச் சுருக்கி, மீதியில் உயிர்ப் புள்ளிகளையும் மந்திரங்களையும் அடைத்தேன். நீங்களே பார்த்துவிட்டு, “கெட்டிக்காரி லா நீ” என்றீர்கள். அதை மறந்துவிட்டு இப்போது என்னை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது.

ஆகஸ்டு விடுமுறையில் நாம் போட்ட சண்டையும் உங்களுக்கு நினைவிருக்கும். குகைக்குள் போனால் எல்லாரும் வெட்டுகிறார்கள், குத்துகிறார்கள். ராஜம்மா மட்டும் வரிசையின் கடைசியில் நின்று கட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் ஒரு நெருப்புப் பந்து எறிய ஆசை இருக்காதா? வைத்தியமும் செய்யட்டும், மந்திரமும் கற்கட்டும் என்று கேட்டேன். நீங்கள் நீதிபதி மாதிரி புத்தகத்தைப் பிரித்து, “முடியாது லா. காட்டுல வாழுற எல்ஃப் ஜாதிக்கும் மனுஷனுக்கும் பிறந்த அரை எல்ஃபா இருந்தா ரெண்டு தொழிலையும் ஒண்ணா பார்க்கலாம். முழு மனுஷிக்கு ஒண்ண விட்டாத்தான் இன்னொண்ணு” என்றீர்கள். நாலு படி ஏறிய பூசாரித் தொழிலை அப்படியே விட்டுவிட்டு மந்திரத்தில் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும், ஐந்தாம் படி ஏறும்வரை பழைய வித்தையைத் தொட்டால் அன்றைய அனுபவப் புள்ளி எல்லாம் போச்சு என்றீர்கள். அழுதுகொண்டேதான் ஒப்புக்கொண்டேன். சட்டம் மறந்துவிடக் கூடாதே என்று தாளின் அடியில் எழுதியும் வைத்தேன். கட்டம் ஜாதகம் மாதிரி இருக்கும்போது எழுத்தும் அப்படியே இருக்கட்டும் என்று, “ஜாதகி நான்காம் படியில் முதல் தொழிலைத் துறந்து, புதிய இடத்தில் முதற்படியிலிருந்து தொடங்குவாள். ஐந்தாம் படி காணும்வரை பழைய தொழிலைத் தீண்டினால் பலன் யாவும் நாசம்” என்று எழுதினேன். அண்ணா, தமிழ்க் கட்டுரையில் எனக்கு முதல் மதிப்பெண் கொடுத்த வாத்தியாரும் இந்தக் குற்றத்தில் ஒரு பங்காளி.

போன வாரம் தரகர் அப்பளசாமி அக்காவுக்கு ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை பெயர் தனபாலன், செகிஞ்சான் அரிசி ஆலையில் மெக்கானிக். அப்பா செல்லையா, சபாக்கில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். அவர்கள் ஜாதகம் கேட்டார்கள். வீட்டில் என் கையெழுத்துதான் அழகு என்று சொல்லி, அக்காவின் பழைய நோட்டைப் பார்த்து நகல் எடுக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். அதே கிராஃப் தாள், அதே பச்சை மை, மேலே அதே பெயர். எழுதி முடித்து என் புவியியல் புத்தகத்துக்குள் வைத்தேன். அந்தப் புத்தகத்துக்குள் ஏற்கெனவே யார் படுத்திருந்தாள் என்று உங்களுக்கே தெரியும். அன்று சாயங்காலம் அக்கா வந்து, “நீ எஸ்.ஆர்.பி. பரீட்சைக்குப் படி, மீதிய நான் பார்த்துக்கிறேன்” என்று தானே எடுத்து, மூலைக்கு மஞ்சள் தடவி, உறையில் போட்டு ஒட்டி, அப்பளசாமியிடம் கொடுத்துவிட்டாள். நேற்று இரவு பருவமழைப் பாடத்தைப் படிக்கலாம் என்று புத்தகத்தைத் திறந்தேன். உள்ளே அக்காவின் நிஜ ஜாதகம் பத்திரமாக இருக்கிறது, ஆட்டத்து ராஜம்மாவைக் காணவில்லை. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து மூன்று முறை உதறிப் பார்த்தேன்.

சபாக் வீட்டார் எங்களைப் பைத்தியக்காரக் குடும்பம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அப்பா என் தோலை உரிப்பார், அதோடு முடியும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். இன்று நாலு மணிக்கு அப்பளசாமி மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, வாசலிலேயே கத்தினார்.

“கிராணி! சபாக் ஜோசியர் முப்பது வருசத்துல இப்படி ஒரு கட்டத்தப் பார்த்ததே இல்லையாம். பத்துக்கு ஒம்போது பொருத்தம் லா!”

“அந்த மிச்சம் ஒண்ணு?” என்றாள் அம்மா.

“அது என்னான்னு அவருக்கே வெளங்கலையாம். ஆனா பதினேழாம் பாகையில என்னமோ நிக்குதாம். அது நின்னா பொறக்குற பிள்ளைங்க எல்லாம் டாக்டருதானாம்.”

அது அவளுடைய அறிவு, அண்ணா. மைலோ டின்னில் நான் குலுக்கி எடுத்த பதினேழு.

“அதவிட அடியில எழுதியிருந்த பலன் இருக்கே!” என்று தொடர்ந்தார். “செல்லையா எந்திரிச்சு நின்னுட்டாரு. மருமக வேலைக்குப் போகக் கூடாதுன்னு எப்பிடிக் கேக்குறதுன்னு கூச்சப்பட்டுக்கிட்டு இருந்தாராம். ‘ஜாதகத்திலேயே இருக்கு லா, நாலு வருச வேலைய விட்டுட்டு நம்ம வீட்ல மொதப் படியிலேர்ந்து ஆரம்பிக்கப் போவுது பொண்ணு’ன்னு சொல்லி எனக்கு ரெண்டு இளநி வெட்டிக் குடுத்தாரு.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விதியில இருக்குறத நாம யாரு தடுக்க? ராஜம்மா, ஆஸ்பத்திரிக்கு ஒரு மாச நோட்டீஸ் எழுதிடும்மா. நானே டைப் அடிச்சுத் தரேன்.” அக்கா கோப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள், தோள் இரண்டும் குலுங்கின. நான் பார்த்தேன், ஆனால் கிட்டே போகத் துணிவில்லை.

அண்ணா, போன மாதம் செம்பனைக் குலை வெட்டும் அரிவாள் ஒருவர் முழங்காலில் பட்டபோது, ஆஸ்பத்திரியை நடத்தும் டிரசர் வந்து சேர்வதற்குள் இரத்தத்தை நிறுத்தியது அக்காதான். சீருடையெல்லாம் சிவப்பாக வீட்டுக்கு வந்து, “உசுரு தப்பிருச்சு” என்று சொல்லிவிட்டு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அப்படிப்பட்டவள் ஐந்தாம் படி ஏறும்வரை யாருக்கும் கட்டுப்போடக் கூடாது என்று நானே பச்சை மையில் எழுதி, பிள்ளையார் சுழியும் போட்டு அனுப்பியிருக்கிறேன். மாமியார் வீட்டில் ஐந்தாம் படி ஏற எத்தனை வருடம் ஆகும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். புரட்டாசி பிறப்பதற்குள் வெற்றிலை மாற்றிவிட வேண்டுமாம். ஆகவே உங்களுக்கு இரண்டு வழி வைக்கிறேன். ஒன்று, இத்துடன் வைத்திருக்கும் அசல் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை சபாக் பேருந்தில் ஏறிவிடுங்கள். ராஜம்மாவின் தாள் செல்லையா வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்களாம். தண்ணீர் கேட்டு உள்ளே போய் மாற்றிவிட்டால் போதும். குகைக்குள் பூதத்தின் காலடியிலிருந்து சாவி எடுக்க எங்களை அனுப்பியவர் நீங்கள், இது உங்களால் முடியாதா? அது முடியாவிட்டால், மனுஷிக்கும் இரண்டு தொழில் உண்டு என்று ஆட்ட நடுவர் என்ற முறையில் சட்டத்தைத் திருத்திக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். நான் திருத்திய ஜாதகம் ஒன்றை மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் எழுதிவிடுவேன். அதற்காகத்தான் கேட்கிறேன்.

பெரியம்மாவின் கால் வலி குறைய நான் வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் தேர்வில் எல்லாப் பாடத்திலும் தேறி, அதற்கு முன் சனிக்கிழமை பேருந்தைத் தவறவிடாமல் பிடிக்க எல்லாத் தெய்வங்களும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சட்டத்தால் உறக்கம் கெட்ட தங்கை,
புஷ்பலீலா

பி.கு.: அண்ணா, மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். சபாக் போக வேண்டாம். போர்வையை அக்கா இழுத்துவிட்டாள். நாலு பக்கத்தையும் என் கண் முன்னாலேயே படித்தாள். நான் அழுதேன், அவள் சிரித்தாள். அடுக்களையில் தோள் குலுங்கியதும் இதே சிரிப்புதானாம். தாள் மாறிப்போகவில்லை, அண்ணா. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, என்னுடையதைத்தான் வேண்டுமென்றே உறையில் போட்டாளாம். கல்யாணமானால் ஆஸ்பத்திரி வேலை போய்விடும், இதைப் பார்த்தால் பைத்தியக்காரக் குடும்பம் என்று சொல்லி அவர்களே வேண்டாம் என்பார்கள் என்று நினைத்தாளாம். “எனக்குப் பயந்து ஓடுவாங்கன்னு பார்த்தா இளநி வெட்டிக் குடுத்திருக்காங்க லா” என்று மறுபடி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நான் உங்களுக்காக உறையில் வைத்திருந்த அசல் ஜாதகத்தை எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை செல்லையாவிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, இரண்டையும் தனபாலனிடமே நீட்டி, இதில் எந்த ராஜம்மா வேண்டும் என்று கேட்கப் போகிறாளாம். வேலையை விடாத ராஜம்மா வேண்டுமென்றால் கோப்பி கிடைக்கும், இல்லாவிட்டால் கடைசிப் பேருந்து ஆறு மணிக்காம். நோட்டீஸ் எழுத மாட்டாளாம். அப்பாவிடம் என்ன சொல்வாய் என்று கேட்டேன். டார்ச் விளக்கைப் பிடுங்கிக்கொண்டாள். கீழே இருப்பது அவள் கையெழுத்து:

தம்பி வாசு, அரை எல்ஃபுக்கு மட்டும் ரெண்டு தொழில், முழு மனுஷிக்கு ஒண்ணுன்னு எழுதுனது யாரு, சபாக் ஜோசியரா? அத மாத்து. மாத்திட்டு, அடுத்த லீவுக்கு என்னையும் ஆட்டத்துல சேர்த்துக்கோ. ஆறாவது கட்டத்துல கவர்ச்சி இருபதுக்கு எட்டேதான்னு இருக்கு. அத யாரு போட்டதுன்னு நேர்ல பேசிக்கலாம். — ராஜம்மா