நிற்காமல் போன பிளஷர்

சிக்கனம் நல்ல குணம்தான், பிள்ளைகளே. ஆனால் பெண் பார்க்கப் போகிற அன்றைக்கு அதைக் காட்டக் கூடாது.

பெரியவன் கரண்ட் கார் வாங்கியதிலிருந்து, ஒரு சார்ஜில் இன்னும் கொஞ்சம் தூரம் போக என்ன வழி என்று ஊரையெல்லாம் கேட்கிறான். என்னை மட்டும் கேட்பதில்லை. (காரணம் இருக்கிறது.) கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஆக்சிலேட்டரை மெல்ல மிதி. தூரத்திலேயே ரோட்டைப் பார்த்து முன்கூட்டியே காலை எடு. சீரான வேகத்தில் போ. வேண்டாத சுமை ஏற்றாதே, டயரில் காற்று குறைய விடாதே. இதெல்லாம் அறுபதுகளிலேயே எனக்குத் தெரியும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் தெரியாது.

அப்போது குற்றாலத்தில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. சரக்கு லாரியில் போய் வந்ததில் வண்டி ஓட்டவும் பழகியிருந்தேன். ஆரியங்காவு மலை இறக்கத்தில் லாரிக்காரர்கள் என்ஜினை அணைத்து, கியரை எடுத்து நியூட்ரலில் விடுவார்கள். (ஆபத்தான வேலை, நீங்கள் செய்யாதீர்கள்.) வண்டி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். இதைவிடப் பெரிய படிப்பு உலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

மேலகரத்தில் உங்கள் அம்மாவைப் பெண் கேட்டிருந்தோம். தென்காசி சினிமாக் கொட்டகை வாசலில் அவளை ஒரு தரம் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு பெண்ணே கண்ணில் படவில்லை. அவர்களோ, மாப்பிள்ளை கடைச் சிப்பந்திதானே என்று இழுத்தார்கள். கொஞ்சம் பவிசு காட்டலாம் என்று கடை முதலாளி அண்ணாச்சியின் பிளஷரை இரவல் கேட்டேன். (காருக்கு அப்போது பிளஷர் என்றுதான் பேர்.)

"எடுத்துட்டுப் போலே. டாங்கில கொஞ்சந்தான் கெடக்கு, பாத்து ஓட்டு" என்றார் அண்ணாச்சி.

எனக்குச் சொல்லவா வேண்டும்? குற்றாலம் தாண்டிச் சரிவு வந்ததும் என்ஜினை அணைத்தேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் அப்பா, பின்னால் பழத்தட்டோடு என் அம்மா.

"என்னலே, வண்டி செத்துப் போச்சா?" என்றார் அப்பா.

"பெட்ரோல் மிச்சம்பா!"

மேலகரத்தில் பெண்வீட்டார் குடையோடு வாசலில் நின்றார்கள். வேடிக்கை பார்க்கத் தெருவே நின்றது.

"ஏலே, நிப்பாட்டு! வீடு வந்துட்டு!" என்று கத்தினாள் அம்மா.

"இரும்மா. இப்ப பிரேக்கை மிதிச்சா சேத்து வச்ச வேகமெல்லாம் வீணாப் போயிரும். அங்கன மேட்டுல தானா நிக்கும், நடந்து வந்துரலாம்."

"கூறுகெட்ட பயலே!" என்று என்னைத் திட்டிக்கொண்டே அம்மா வாசலைப் பார்த்துக் கும்பிட்டாள். ஜன்னலில் பெண் தெரிந்தாள். நான் சிரித்தேன். சிரித்தபடியே கடந்து போனேன். (கரண்ட் காரில் வேகத்தைக் குறைத்தால் அந்தச் சக்தியில் கொஞ்சம் பேட்டரிக்கே திரும்புமாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.)

மேட்டில் வண்டி நின்றது. பிறகு என்ஜினைக் கிளப்ப முன்பக்கம் ஹாண்டிலைச் செருகி எவ்வளவு சுற்றியும் கிளம்பவில்லை. நனைந்த வேட்டியும் பழத்தட்டுமாக மூன்று பேரும் திரும்பி நடந்தோம். வாசலில் ஆள் இல்லை. பாதி சாத்திய கதவில் பெண்ணின் அப்பா மட்டும் நின்றார்.

"பிள்ளையை ரோட்டுல இருந்தே பாத்துட்டு, பிடிக்கலன்னு வேகத்தைக்கூடக் குறைக்காமப் போயிட்டீக. தெருவே பாத்துச்சு. இனி எதுக்கு வந்தீக?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாக்கு குழற நியூட்ரலை விளக்கினேன். அவர் முகம் இன்னும் கறுத்தது.

"எங்க வாசல்ல நிக்கதுக்கு எண்ணெய்க் கணக்கு பாக்குத ஆளுக்கா பொண்ணு குடுக்க?"

கதவை மூடப்போனார். என் மூச்சும் நின்றது. உள்ளேயிருந்து உங்கள் அம்மாவின் குரல் கேட்டது.

"எப்பா, வண்டிச் சத்தமே கேக்கலையே! பிடிக்காம ஓடுதவுக என்ஜினை அணைச்சிட்டா ஓடுவாக?"

கதவு பாதியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், மேட்டில் தலை கவிழ்ந்து நின்ற பிளஷரைப் பார்த்தார். மீசை துடித்தது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பு! என் அம்மாவும் சிரிக்க, தெருவே சிரித்தது. வண்டி கிளம்பவில்லை, என் மூச்சு கிளம்பிவிட்டது. கேசரியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஊர்வலம் வந்தபோது, பெண்வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ரோட்டின் குறுக்கே ஒரு மாட்டுவண்டி நின்றது. "மச்சான் தாண்டிரக்கூடாதுல்லா?" என்றான் உங்கள் மாமா. அதிலிருந்து நம் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் மாப்பிள்ளை வண்டிக்கு முன்னால் குறுக்கே எதையாவது போட்டுவிடுகிறார்கள். சின்னவள் கல்யாணத்தில் உலக்கை. மதுரையிலிருந்து வந்த டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "இது உங்க பக்கத்துச் சம்பிரதாயமாண்ணே?" என்று பயபக்தியோடு கேட்டார்.

உங்கள் மாமா முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. "ஆமாப்பா. காலங்காலமா உள்ளது. செருப்பைக் கழத்திட்டுக் கும்பிட்டுக்கோ."

அந்த மனுஷன் கழற்றிவிட்டார்.