ஆணி அண்ணன் காத்த நூல் மாளிகை

ஆணிக்கு இந்த உலகத்திலேயே பெரிய எதிரி எங்கள் குமாரபாளையத்தில்தான் இருந்தார். ஊருக்கே அவர் ஆணி அண்ணன். வேடிக்கை என்னவென்றால், பிளக்ஸ் போர்டு கடை வைத்து, ஊரில் ஒரு சுவர் பாக்கியில்லாமல் ஆணி அடித்துத் தள்ளியவரும் அவரேதான்!

கடையை மகனிடம் விட்டதும், நூல் மாளிகையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். திருடன் கையிலேயே சாவியா என்று நாங்கள் சிரித்தோம். அந்தக் காலத்து நூல் வியாபாரி ஒருவர் கட்டிய மாடி வீடு அது. ஓர் ஆணி அடித்தாலே உதிர்ந்துவிடும் சுண்ணாம்புச் சுவர், மாடியில் பலகைத் தளம். வாரிசுகள் இருப்பது கோயம்புத்தூரில். "விழா, கண்காட்சின்னு ஜனம் வந்துபோனால் கட்டடம் இருக்கட்டும். சும்மா கிடந்தால் இடிச்சு காம்ப்ளக்ஸ் கட்டிடுவோம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஆக, கூட்டமும் வரவேண்டும். வந்த கூட்டம் கட்டடத்தைத் தின்றுவிடவும் கூடாது. விழாக் கமிட்டியில் இருந்த எங்களுக்குத் தலை சுற்றியது. அண்ணன் அசரவில்லை.

பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தைக் கயிற்றில் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். பந்தல்காரர், பூ அலங்காரம் செய்பவர் என்று யார் வந்தாலும், ஆணி இருக்கிறதா என்று சட்டைப் பையில் ஒரு ஓட்டு ஓட்டுவார். கண்காட்சி திறக்க வந்த ஒரு பிரமுகரின் பெல்ட்டில் அது பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

"ஏனுங்க, என்னங்க இது?" என்று கடுப்பானார் பிரமுகர்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சாமி. நீங்க ஆணி அடிக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். காந்தத்துக்குத் தெரியாதுங்களே!"

உண்மையான சோதனை வள்ளி கும்மியில் வந்தது. எங்கள் பக்கத்தில் கும்மி அரங்கேற்றம் என்றால் கேட்கவா வேண்டும்? ஒரே நிறச் சேலையில் பெண்கள் திரண்டுவிட்டார்கள். வாரிசுகளும் பார்க்க வருகிறார்கள். மாடி ஹாலில் ஆடினால்தான் போட்டோ எடுப்பாக இருக்கும் என்று கமிட்டித் தலைவர் ஒற்றைக் காலில் நின்றார். அத்தனை பேர் ஒரே தாளத்தில் மிதித்தால் பலகை என்ன ஆவது? கும்மியே வேண்டாம் என்றால் வாரிசுகள் என்ன சொல்வார்கள்?

அண்ணன் தலைவரையும் வாரிசுகளையும் கீழ் ஹாலில் உட்காரவைத்து டீ கொடுத்தார். மாடிக்குப் போய், "அம்மணி, நாலே பேரு மட்டும் ஒரு சுத்து ஆடிக் காட்டுங்க" என்றார் கும்மி வாத்தியாரம்மாவிடம்.

"நாலு பேரைத் தாங்குங்களா?"

"நேத்தே நான் குதிச்சுப் பாத்துட்டனுங்க."

நாலு பேர் மிதித்ததுதான் தாமதம், விட்டத்திலிருந்து சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்து தலைவரின் டீயில் விழுந்தது.

படியிலிருந்து எட்டிப் பார்த்தார் அண்ணன். "சக்கரை போதுங்களா? எல்லாரும் ஆடுனா, நாங்களும் டீக்குள்ளதான் வந்து உழுகோணும்!"

தலைவர் டம்ளரைக் கீழே வைத்தார். கும்மி முற்றத்துக்கு இறங்கியது. மண் அதிர அதிர ஆடினார்கள். பார்க்க வந்தவர்களைச் செருப்பைக் கழற்றவைத்து, "மொள்ள, மொள்ள" என்று சிலர் சிலராக மாடிக்கு ஏற்றி, வீட்டைச் சுற்றிக் காட்டி, ஜன்னல் வழியாகக் கும்மியையும் காட்டினார் அண்ணன். வாரிசுகளில் மூத்த அம்மா அந்த ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

"வருஷா வருஷம் இங்கேயே நடத்துங்க. இனி இடிக்கிற பேச்சே இல்லை" என்றார் கிளம்பும்போது.

அண்ணன் பொங்கிப் பொங்கி அழுதார். அழுதுகொண்டே அந்த அம்மாவின் டிரைவர் சட்டைப் பையில் காந்தத்தை ஓட்டினார்.

போன தை மாதம் அண்ணன் போய்ச் சேர்ந்தார். மாளிகையில் அவர் படத்தை மாட்டக் கமிட்டி முடிவு செய்தது. படம் வந்தது, மாலை வந்தது, சுத்தியலும் வந்தது. தலைவர் அதை என்னிடம் நீட்டினார். நான் வாத்தியாரம்மாவிடம் நீட்டினேன்.

"எனக்குக் கை வரலீங்க" என்றார் அவர். எங்கள் யாருக்குமே வரவில்லை.

அதனால் வாசலில் ஒரு நாற்காலி போட்டு அண்ணனை உட்காரவைத்திருக்கிறோம். இப்போதும் உள்ளே போகும்போது என் சட்டைப் பையை நானே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் மனசு நோகக்கூடாது, பாருங்கள்.