டென்மார்க்குக்குப் போன பொருத்தம்

சின்ன காஞ்சிபுரம்
7-9-1966

மாப்பிள்ளை பரசுராமன் அவர்களுக்கு, மாமன் கோதண்டபாணி மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம், என்னைத் தவிர அனைவரும் நலம். பிலாயில் தாங்களும் என் மகளும் நலமென நம்புகிறேன். இங்கே என்னிடம் இருந்து படிக்கும் உங்கள் மகள் ரேணுவும் நலமே. ஆனால் ஒன்பது நாட்களாக என்னோடு பேசுவதில்லை. குற்றம் என்னுடையது.

ஜூன் மாதம் அவள் பெயருக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிறர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று நெசவாளர் சங்க ஆபீஸில் முப்பது வருடம் மற்றவர்களுக்குச் சொன்ன நானே பிரித்துவிட்டேன். லார்ஸ் என்ற பையன் பிறந்த தேதி, உயரம், நிறம், தகப்பனார் உத்தியோகம், சொந்த வீடு, அக்காள் ஒருத்தி என்று வரிசையாக எழுதி, புகைப்படமும் வைத்து, 'உன் படத்தையும் அனுப்பு' என்று முடித்திருந்தான். நம் வீட்டுக்கு இந்த வரிசையில் கடிதம் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தானே? தாங்களும் அப்படி வந்தவர்தானே?

பதினோரு வயதுக் குழந்தையாயிற்றே, மறுத்துவிடுவதென்று முடிவு செய்தேன். மறுத்தால் மனம் புண்படுமே என்று, நம் வழக்கப்படி பழியை ஜாதகத்தின் மேல் போடலாமென நினைத்தேன். பொய் எழுதவும் மனம் வரவில்லை. பஞ்சாங்கத்தை எடுத்து நிஜமாகவே கணித்தேன். நல்லவேளை, ரஜ்ஜுப் பொருத்தம் தட்டியது. 'தங்கள் குமாரனுக்கு வேறு நல்ல இடம் அமைய காமாட்சி அருள் புரிவாள்' என்று அவன் தகப்பனாருக்கு ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன்.

பிறகு பதிலே இல்லை. கடிதம் வந்ததே தெரியாமல் குழந்தை தினமும் தபாலுக்காக வாசலில் நிற்பாள். டென்மார்க் வரன் விஷயமாக எழுத எவ்வளவு தபால்தலை என்று நான் விசாரித்த தபால்காரர் ரஷீத், "இன்னா பாப்பா, சீமை மாப்பிள்ளை இன்னும் காயிதம் போடலியா?" என்று கேட்டுவிட்டார். எழுதும் கடிதத்துக்கெல்லாம் நான் நகல் வைக்கும் கோப்பைக் குடைந்து, அவள் அந்தக் கடிதத்தின் நகலைக் கண்டுபிடித்தாள்.

"இன்னா தாத்தா இப்படிப் பண்ணிட்ட? பேனா நண்பன்னா ஸ்டாம்பு அனுப்பிக்கினு, ஊர்க்கதை எழுதிக்கினு இருக்கறதுபா! பத்திரிகைல பேர் குடுத்து ஆறு மாசம் காத்துக்கினு இருந்தேன்!"

அதுவே அவள் கடைசியாகப் பேசியது. தாங்கள் உருக்காலையில் வெள்ளைக்காரர்களோடு பழகுகிறவர். அந்தத் தகப்பனாருக்கு என் சார்பில் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும். நான் இனிப் பஞ்சாங்கத்தைத் தொடுவதில்லை. காமாட்சி தங்களிருவரையும் காப்பாளாக.

தலைகுனிவுடன்,
கோதண்டபாணி

பி.கு.: உறையை ஒட்டும்போது லார்ஸின் தாயார் கடிதம் வந்தது. கோபமே இல்லை, வீடே சிரித்ததாம். மூத்த மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணமாம். மணமக்கள் இருவரும் பிறந்த தேதியும் நேரமும் அனுப்பிப் பொருத்தம் கேட்டிருக்கிறார். எனவே தாங்கள் எழுத வேண்டாம். பஞ்சாங்கத்தைப் பற்றிய வரியையும் அடித்துவிடவும். பார்த்தேன், பத்துப் பொருத்தத்துக்கு மூன்றுதான் தேறியது. ரேணு வாயைத் திறந்தாள்: "எட்டுன்னு எழுது தாத்தா. நானே போஸ்ட் பண்றேன்." எழுதிவிட்டேன். நகல் எடுக்கவில்லை.