ரஜாய்க்குள் ஓர் அண்ணன்

விடிந்ததும் பிசைந்து வைத்த மாவு, வெயில் ஏறிய பிறகும் அசைந்து கொடுக்கவில்லை. பூவராகவன் குண்டானைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். மாவு அவரைச் சட்டையே செய்யவில்லை. மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர் அவர். அவர் முறைத்தால் நாற்காலியை விட்டு எழும்பாத கிளார்க் கிடையாது. இந்த மாவுக்கு அதெல்லாம் தெரிய வேண்டுமே!

மத்தியானம் பேத்தி மினி வருகிறாள். வந்தால் பீட்சா. அதுதான் பேச்சு.

தீபாவளிக்கு வந்திருந்தபோது அவள் அம்மாவின் காதில் ஊதுவதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: "மம்மி, தாத்தா வீட்ல சாப்பிட கானா ரொம்ப போரிங். ஹமேஷா, எப்பப் பாத்தாலும் சோறு!" அதற்கப்புறம் பொங்கலுக்கு யாரும் வரவில்லை. ஃபரீதாபாத் என்ன, அமெரிக்காவிலா இருக்கிறது? மனுஷர் பொறுத்துப் பார்த்துவிட்டு, மாடிவீட்டுக்குப் போய் மகள் அம்சவேணிக்குப் போன் போட்டார்.

"ஞாயித்துக்கிழம மினிய கூட்டியாம்மா. நானே பீட்சா பண்ணித் தர்றேன்."

"நீங்களா? அச்சா... ஆனா மைதா வேணாம்ப்பா, அவளுக்கு வயித்தக் கட்டிக்கும். டின் சீஸும் வேணாம்."

"ஒடம்புக்கு நல்லதா, எல்லாத்தையும் வீட்டுலயே பண்றேன், போதுமா?"

சொன்னபடிதான் செய்தார். கோதுமை ஆட்டாவைச் சலித்தார். பாலைத் திரித்துத் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டுப் பன்னீர் ஆக்கினார். தக்காளியைப் பூண்டோடு வேகவைத்து மசித்தார். பாலக் கீரையை ஆய்ந்தார். ஆபீஸ் லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த பெண்கள் பத்திரிகை, ஈஸ்ட் கலந்த மாவை 'வெதுவெதுப்பான இடத்தில்' வைக்கச் சொன்னது. ஜனவரி மாத டில்லியில் வெதுவெதுப்பான இடத்துக்கு மனுஷன் எங்கே போவான்?

முதலில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டார். மாவு ஒட்டிக்கொண்டதே தவிர எழும்பவில்லை. ஹீட்டரை இழுத்து வந்து குண்டானுக்குப் பக்கத்தில் வைத்தார். டப்பென்று ஃப்யூஸ் போனது.

அப்போதுதான் மனைவி தாயம்மாள் ஞாபகம் வந்தது. குளிர்காலத்தில் அவள் இட்லி மாவைப் பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய்க்குள் வைத்துத்தான் பொங்க வைப்பாள். டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அவளுடைய கம்பளிச் சாமான்களுக்கு நடுவில் மெரூன் நிறத்தில் ஒரு குரங்குக் குல்லா கிடந்தது. எப்போதோ ஒருமுறை அவர் மாட்டிப் பார்த்தபோது மீசை வரை இறங்கியது. யார் தலைக்கென்று பின்னினார்களோ! குண்டானுக்கு மாட்டினார். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

குண்டானைக் கட்டிலில் தலையணைமேல் கிடத்தி, உருளாமல் இருக்கக் கீழே வரிசையாக இரண்டு திண்டுகளை முட்டுக் கொடுத்து, குல்லா மட்டும் வெளியே தெரிய ரஜாயால் போர்த்தினார். எட்ட நின்று பார்த்தவருக்குப் பகீரென்றது. அச்சு அசலாக ஓர் ஆள் படுத்திருக்கிற மாதிரியே இருந்தது. அவள் போனபிறகு இந்த ஆறு வருஷமாக அந்தப் பக்கம் யாரும் படுத்ததில்லை. என்னவோ போல ஆகிவிட்டது அவருக்கு. ரஜாயின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

பிறகு ஃப்யூஸைப் பார்க்கக் கதவைத் திறந்தார். எதிர்வீட்டு மிஸஸ் கப்பூர் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"பாய்சாப், உங்க வீட்லயும் கரண்ட் போயிடுச்சா?" என்று இந்தியில் கேட்டவள், அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் வாசலில் நின்றால் கட்டில் தெரியும். "யார் வந்திருக்காங்க?"

மாவுக்குக் குல்லா போட்டுப் படுக்க வைத்திருக்கிறேன் என்று ஒரு செக்‌ஷன் ஆபீசர் எப்படிச் சொல்வார்? அதுவும் இவளிடம்! தாயம்மாள் இறந்த புதிதில் அக்கம்பக்கத்தார் மாற்றி மாற்றிச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். "எனக்கு ஒரு குறையும் இல்ல, நானே பாத்துப்பேன்" என்று கதவைச் சாத்தியவர் இவர்தான். அவர்களும் எத்தனை நாள்தான் தட்டுவார்கள்?

"அண்ணன்," என்றார். "ஊர்லேருந்து. காய்ச்சல்."

மிஸஸ் கப்பூர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடடா, காய்ச்சலா! உடம்புச் சூடு போயிடக்கூடாதே!" என்று ஓடினாள். ஓடிய வேகத்தில் வெந்நீர்ப் பையோடு திரும்பி வந்தாள்.

"கால்மாட்டில் வையுங்க, போதும்," என்று மறித்தார் பூவராகவன்.

"கால்ல வச்சு என்ன பிரயோஜனம்? தலைக்குத்தான் சூடு வேணும்." குல்லாவுக்கு அணைவாகப் பையைச் செருகி, காற்றுப் புகாமல் ரஜாயைச் சுற்றிலும் ஒடுக்கிவிட்டாள்.

அதோடு போனாளா? மாடிவீட்டு சுந்தரவல்லி மாமியையும் அழைத்து வந்தாள். இவர்களை விரட்ட ஒரே வழிதான் தோன்றியது பூவராகவனுக்கு.

"மாமி, கிட்ட வராதீங்க. தொத்துற காய்ச்சல்."

"தொத்தா? அப்போ சும்மா விடப்படாது. எங்காத்துக்காரர் ஹோமியோபதி பார்க்கறவர்னு உங்களுக்குத்தான் தெரியுமே!"

பகலில் ஆடிட் ஆபீஸ், சாயங்காலம் வைத்தியம் என்று காலம் தள்ளும் கஸ்தூரிரங்கன், மருந்துப் பெட்டியோடு இறங்கி வந்தார். வந்த கையோடு ஃப்யூஸையும் போட்டுவிட்டார். பிறகு ரஜாய்க்குள் கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்ரீமுஷ்ணம் பெருமாளே, மானத்தைக் காப்பாற்று!

"நாடி மெத்துனு இருக்கு," என்றார் கஸ்தூரிரங்கன். "நன்னா தேறிண்டு வரார். இன்னும் செத்த நாழி அசைக்காதேள்."

அடப்பாவி! இந்த ஆளிடமா பாதி கோல் மார்க்கெட் மருந்து வாங்கிச் சாப்பிடுகிறது?

தேறுகிறவரைத் தனியே விட்டுப் போவது தர்மமில்லை என்று மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். டீயாவது போட வேண்டாமா? அவர் புழங்கியது ஒரே ஒரு டம்ளர். பரணில் கிடந்த மற்றவற்றை இறக்கித் தேய்த்துக் கழுவினார்.

"உங்க அண்ணா பேரென்ன?" மாமி தொடங்கினாள்.

"ஏ... ஏகாம்பரம்."

"என்ன உத்தியோகம்?"

"ரயில்வே."

"எந்நேரமும் இப்படிப் பேசாமத்தான் இருப்பாரா?" என்றாள் மிஸஸ் கப்பூர்.

"சின்னதுலேருந்தே அமைதி."

அந்த நேரம் பார்த்து மாவு பொங்கி மூடியைத் தூக்க, குல்லா மெல்ல ஒருபக்கம் சாய்ந்தது.

"பாருங்கோ, தலையைத் தூக்கறார்!" மாமி கூவினாள்.

"கம்முனு படுண்ணா!" என்று அதட்டினார் பூவராகவன்.

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்தக் கூத்தில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. இவர்கள் போய்விடப்போகிறார்களே என்று முதல் தடவையாக அவருக்குக் கவலை வந்தது.

மாடியிலிருந்து மாமியின் பெண் குரல் கொடுத்தாள்: "அங்கிள், ஃபரீதாபாத்லேந்து போன்!"

தாவிப் படியேறினார்.

"அப்பா, சாரிப்பா. மினிக்கு இன்னிக்கு ஒரு பர்த்டே பார்ட்டி. மறந்தே போச்சு. அங்கயே பீட்சா குடுக்கறாங்களாம். அடுத்த வாரம் பக்கா, டீக் ஹை?"

"பரவால்லம்மா. குழந்தை சந்தோஷமா இருந்தா சரி."

போனை வைத்த பிறகும் கை அதை விடவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கினார். இன்று முழுக்க யாருக்காக இந்தப் பாடு? உடம்புக்கு நல்லது, வயிற்றுக்கு நல்லது என்று பார்த்துப் பார்த்துச் செய்தது யார் சாப்பிட?

உள்ளே நுழைந்தால் மாமி கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். கஸ்தூரிரங்கன் பன்னீரை உதிர்த்துக்கொண்டிருந்தார். மேடைமேல் மிஸஸ் கப்பூரின் வட்ட ஓவன் சிவப்பு விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. எதுவும் அவர் புத்தியில் ஏறவில்லை. நேராகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

"பேத்தி வரல," என்றார். "அண்ணனும் வரல. எனக்கு அண்ணனே கிடையாது." ரஜாயை விலக்கினார். மாவு குண்டானை மீறிப் பொங்கி, கொழுகொழுவென்று எட்டிப் பார்த்தது. "பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

யாரும் திடுக்கிடவில்லை, யாரும் எழுந்திருக்கவுமில்லை. மிஸஸ் கப்பூர் வந்து குல்லாவை எடுத்து, ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

"பாய்சாப், தாயம்மாவோட இட்லி மாவுக் குண்டானுக்கு அளவெடுத்து இந்தக் குல்லாவைப் பின்னிக் கொடுத்ததே நான்தான், மாவுன்னு வாசல்லயே தெரிஞ்சுபோச்சு, ஆனா அதைச் சொல்லியிருந்தா கதவை மறுபடியும் சாத்தியிருப்பீங்களே!"