நண்டுக்கு ஒரு தாய்மாமன்

நெல்லித்தோப்புக் கல்யாணங்களில் பாதிச் சண்டை ஒரே மனிதரால்தான் நின்றது. மீதிச் சண்டை அவரால்தான் வந்தது. கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் அச்சகக்காரர். அவருடைய பெயர் எனக்குப் பல வருஷம் தெரியாது. உறவுமுறை கேட்டே ஊரைக் குடைந்ததால், ஊருக்கே அவர் ‘ஒறமொற’தான்.

நாலு வரியில் பத்திரிகை அடித்துக்கொண்டு போய்விடலாம் என்று அவர் கடைக்குள் நுழைந்தவன் எவனும் தப்பியதில்லை. பெரியப்பா உண்டா, சித்தி வீட்டுக்காரர் என்ன ஆனார், பேச்சுவார்த்தை இல்லாத அத்தையை எந்த வரியில் போடுவது என்று குடைந்து எடுத்துவிடுவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா வீட்டுக் கல்யாணத்துக்கு, கடல் தாண்டிப் போன சொந்தங்களையெல்லாம் தோண்டிப் போட்டதில், பத்திரிகை எட்டாய் மடித்தும் கவருக்குள் போகவில்லை. பாரீஸிலிருந்து வந்த மாப்பிள்ளை, தனக்கு இரண்டு சித்தப்பா என்பதையே அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டானாம்.

இப்பேர்ப்பட்டவரிடம் போய் என் மகளின் கதையைக் கொடுத்தேன். புத்தி கெட்டுப்போய்த்தான்.

இனியாவுக்கு அப்போது எட்டு வயது. கடற்கரைப் பாறைக்கு அடியிலிருந்து கிளம்பித் தன்னந்தனியாகப் புதுச்சேரியைச் சுற்றிப் பார்க்கும் குட்டி நண்டைப் பற்றிக் கதை எழுதியிருந்தாள். பிறந்தநாளுக்கு வகுப்பில் சாக்லேட்டுக்குப் பதில் அதைப் புத்தகமாகக் கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பன்னிரண்டு பக்கம், இருபத்தைந்து பிரதி. ஒரு வார்த்தைகூட மாற்றக் கூடாது என்று என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்னால் மாதிரிப் பிரதி வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள். அதுகூடப் பரவாயில்லை. ஐந்தாம் பக்கத்தில், கதையில் இல்லவே இல்லாத ஒரு தாய்மாமன் நண்டு முளைத்து, பஸ் ஸ்டாண்டில் குட்டி நண்டுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போட்டு, என் சகலை வரைக்கும் பதினேழு பேர்.

இனியா அன்று சாப்பிடவில்லை. அது என் கதையே இல்லை என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு, ஒரு கை பார்த்துவிடுவது என்று கடைக்குப் போனேன்.

மனிதர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. ஸ்டூலைத் துடைத்து அவளை உட்காரவைத்தார். மஞ்சளும் வேண்டாம், பதினேழு பேரும் வேண்டாம் என்று உடனே ஒத்துக்கொண்டார். மாமனில்தான் வந்து நின்றது.

“சின்னப் புள்ள, அவ்ளோ பெரிய ஊர தனியா சுத்துது. தொணைக்கு ஒரு மாமன் இருக்கக் கூடாதா? எனக்கு மனசு கேக்கல பாப்பா. யாருமில்லாம சுத்துறது எப்படின்னு எனக்குத் தெரியும்.”

சண்டை போட வந்த நான் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஊரார் சொந்தத்தையெல்லாம் வரிசை பிசகாமல் அடுக்கியவருக்குக் கூடப்பிறந்தவர் கிடையாது, கல்யாணமும் ஆகவில்லை. பக்கத்தில் சாரம் பகுதியில் ஒற்றை அறையில் குடியிருந்தார். அவர் அடித்த எந்தப் பத்திரிகையிலும் மாமா என்றோ சித்தப்பா என்றோ அவர் பெயர் வந்ததில்லை.

இனியா மாதிரிப் பிரதியை எடுத்து ஐந்தாம் பக்கத்தைப் பிரித்தாள்.

“மாமா இருக்கட்டும். ஆனா அத நான்தான் எழுதுவேன். இளநீ வேணாம், ஐஸ்கிரீம். உங்க பேரு என்ன?”

ஊரையே கேள்வி கேட்டவர் முழித்தார். பிறகு, கோவிந்தராசு என்றார், வெட்கப்பட்டுக்கொண்டு. அவள் அங்கேயே உட்கார்ந்து கோவிந்தராசு மாமா நண்டை எழுதிக் கொடுத்தாள். அதைக் கம்ப்யூட்டரில் அடிப்பதற்குள் மனிதர் மூன்று தடவை கண்ணாடியைத் துடைத்தார்.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் புத்தகம் தயார். இனியா முதல் பிரதியை அவரிடம் நீட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“சாமிக்கு அடுத்தாப்ல தாய்மாமனுக்குத்தான் பத்திரிக வைக்கணும். கடையில வச்சி வாங்குனா மொறையா? ஊட்டாண்ட வந்து வையிங்க.”

சொன்ன கையோடு ஷட்டரை இறக்கிவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு போயே போய்விட்டார். தட்டு, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் எல்லாம் தேடிப் பிடித்து நாங்கள் சாரம் போய்ச் சேர்ந்தபோது, மடிப்புக் கலையாத வேட்டி சட்டையில் வாசலில் நின்றிருந்தார். மருமகள் அழைக்க வருகிறாள் என்று அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

வகுப்புக்கு இருபத்து நாலு போய்விட்டது. எங்கள் வீட்டில் ஒரு பிரதிகூட இல்லை; இனியாவுக்குத் தன் கதையைப் படிக்க வேண்டுமென்றால் சாரத்துக்குத்தான் போக வேண்டும். இன்னொரு பிரதி அடித்துத் தருகிறேன் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரைப் போய்ப் பார்க்க எங்களுக்கும் ஒரு சாக்கு வேண்டுமே.